பின்னால் நின்றவர்களின் கடை

திருச்சியில் மெயின் கார்டு கேட்டைத் தாண்டி, தெப்பக்குளத்தை ஒட்டி நந்தி கோயில் தெருப் பக்கம் நடந்தால் பாத்திரக் கடைகளுக்கு நடுவில் ஒரு குறுகலான மாடிப்படி இருந்தது. பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்க்கும் ஓசையும் ஆட்டோ ஹாரனும் படியேற ஏறக் குறையும். குண்டு வெடிக்கும் சத்தமும், 'டேய் குதி, குதி' என்ற கூச்சலும் மேலிருந்து இறங்கி வரும். கடைக்குப் பெயர்ப் பலகை உண்டு. அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'மாடிக்கடை' என்றால் போதும், தெப்பக்குளத்தைச் சுற்றியிருந்த அத்தனை பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. படியேறியதும் இரண்டு காயின் பெட்டிகள். அடுத்து, சுவரோரம் மரப்பலகை மேல் வரிசையாகச் சின்ன டிவிகள். பச்சைத் திரை தொங்கிய உள்ளறையில் பிளேஸ்டேஷன். சில வருடங்கள் கழித்துப் பின்பக்க ஓட்டுக் கூரைக்கு அடியில் கம்ப்யூட்டர்களும் வந்தன. கடை அண்ணன் வாசல் பக்கம் ஒரு ஸ்டூலில், மணிக்கணக்கு எழுதும் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். பள்ளி நேரத்தில் யூனிஃபார்மோடு வந்தால் படியிலேயே திருப்பி அனுப்புவார். கெட்ட வார்த்தை பேசினால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. காசு இல்லாதவனை மட்டும் அவர் ஒருநாளும் விரட்டியதில்லை. "நின்னு பாரு தம்பி. சொல்லிக் கொடு. ஆனா கையத் தட்டாத" என்பார்.

அதனால் அந்தக் கடையில் விளையாடியவர்களைவிட நின்றவர்களே எந்நேரமும் அதிகம். நானும் விளையாடியதைவிட நின்றதுதான் கூடுதல். கேம்களைப் பற்றி இன்றைக்கு எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. அவை எல்லாம் அந்த நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று உருவானவை. படம் எப்படி, சத்தம் எப்படி, கதை எப்படி என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். பின்னால் நிற்பவனுக்கு இந்த கேமில் என்ன வேலை இருக்கிறது என்பதையே முதலில் பார்ப்பேன்.

சுவரோரம் இருந்த எந்திரங்கள் ஜப்பானில் 1983இல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். மீடியா, சமுராய் என்று பல பெயர்களில் வந்தன. மஞ்சள் கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே உண்மையில் இருந்தவை கொஞ்சம் கேம்கள்தான். அதே கேம் வேறு பெயரில், வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கும். படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து வாயால் ஊதித் திரும்பச் செருகுவோம்.

அந்த வரிசையில் மிகத் திறமையாகச் செய்யப்பட்ட கேம் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'. 1985இல் ஷிகேரு மியமோட்டோ குழுவினர் செய்தது. எட்டு உலகம், 32 ஸ்டேஜ், மொத்தமும் 40 கிலோபைட். இடத்தை மிச்சம் பிடிக்க மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். அதில் யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. தொடங்கிய சில நொடிகளில் எதிரே ஒரு காளான் உருவம் நடந்து வரும், தலைக்கு மேல் கேள்விக்குறிப் பெட்டி மின்னும். பயந்து குதித்தவன் பெட்டியை முட்டுவான், காசு வரும். அந்த ஒரு குதிப்பில் முழு ஆட்டத்தின் சட்டமும் புரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் பாடம் நடத்தும் கேம் அது. அதன் மேல் எனக்குள்ள மதிப்பு குறையவே குறையாது. இருந்தாலும் அதை முதலிடத்தில் வைக்க மாட்டேன். இரண்டு பேர் ஆட்டம் என்று தேர்ந்தெடுத்தாலும் அதில் மாறி மாறித்தான் ஆட முடியும். திறமையானவன் மரியோவாக உட்கார்ந்தால், லூயிஜியாக இருப்பவன் கட்டிய காசுக்கு முக்கால்வாசி நேரமும் வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருப்பான்.

'கான்ட்ரா' அப்படி இல்லை. இரண்டு பேரும் ஒரே திரையில், ஒரே நேரத்தில். மூன்றாவது ஸ்டேஜில் அருவி வரும். பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். முன்னால் போகிறவன் அவசரப்பட்டால் திரை மேலே நகர்ந்து, கீழே நிற்கிறவன் செத்துப்போவான். ஒருவனுக்கு லைஃப் தீர்ந்துவிட்டால் இன்னொருவன் கணக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கேட்டு எடுப்பவன், கேட்காமல் எடுப்பவன் என்று இரண்டு சாதிப் பையன்கள் உண்டு. எவன் எந்தச் சாதி என்பது பின்னால் நிற்கும் எங்களுக்குத் தெரியும். 30 லைஃப் தரும் அந்தப் பொத்தான் வரிசையையும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தோம். கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ 'கிரேடியஸ்' கேமைச் சோதித்துப் பார்க்கும்போது, தனக்கே அது கஷ்டமாக இருந்ததால் உண்டாக்கிய குறுக்கு வழி அது. அதை ஏமாற்று வேலை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அரை மணிக்குக் காசு கட்டிவிட்டு ஐந்து நிமிஷத்தில் செத்துப்போகும் பையனுக்கு அந்தப் பொத்தான் வரிசைதான் கடைசி ஸ்டேஜ் வரை உலகத்தைக் காட்டியது.

துப்பாக்கியோடு வந்த 'டக் ஹன்ட்'டைச் சின்னப் பிள்ளைகள் விரும்பினார்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளி உணரி அதைப் பிடித்தால் குறி தப்பவில்லை என்று கணக்கு. பழைய குண்டு டிவியில் மட்டுமே வேலை செய்யும் இந்த உத்தி, இன்றைய தட்டை டிவியில் செத்துவிட்டது. உத்தி அருமை, ஆட்டம் சீக்கிரம் சலிக்கும்.

அந்தச் சுவரிலேயே சிறந்த கேம், நாங்கள் 'டேங்க்' என்று சொன்ன 'பேட்டில் சிட்டி'. நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்டது. கீழே நடுவில் செங்கல் சுற்றுக்குள் ஒரு கழுகு. அதைக் காக்க வேண்டும். ஒரு ஸ்டேஜுக்கு 20 எதிரி டேங்க், மொத்தம் 35 ஸ்டேஜ். இருவரில் ஒருவன் முன்னே போய் அடித்தால் மற்றவன் கழுகுக்குக் காவல் நிற்க வேண்டும். கூட்டாளியைத் தவறிச் சுட்டால் அவன் சாக மாட்டான், கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுபோவான். அந்தக் கொஞ்ச நேரத்தில் கழுகு போய்விடும். தவறுக்குத் தண்டனை உண்டு, ஆனால் அது நட்பைக் கெடுக்காத அளவில் இருக்கும். திரை நகராது, முழுக் களமும் கண் முன்னால் இருக்கும். அதனால் பின்னால் நிற்பவன் விளையாடுபவனுக்கு முன்பே ஆபத்தைப் பார்த்துவிடுவான். "வலது மூலையில ஒண்ணு வருது பாரு" என்று சொல்வதே அவன் வேலை. களத்தை நாமே கட்டிக்கொள்ளும் வசதியும் அதில் இருந்தது. கழுகைச் சுற்றி இரும்புச் சுவர் வைப்பதா, ஆற்றை விடுவதா என்று நாலு பேர் சேர்ந்து சண்டை போட்டுத் தீர்மானிப்போம். அந்த நாலு பேரில் காசு கட்டியவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

படி வாசலில் நின்ற காயின் பெட்டி ஒன்றில் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' ஓடியது. கேப்காம் 1993இல் வெளியிட்டது. மார்க் ஷுல்ட்ஸின் காமிக்ஸ் கதையிலிருந்து எடுத்தது என்பதெல்லாம் பிற்காலத்தில் அறிந்தது. எங்களுக்கு அது 'முஸ்தபா'. ஜாக், ஹன்னா, மெஸ் என்று இன்னும் மூன்று பேர் அதில் இருந்தாலும், மஞ்சள் தொப்பிக்காரன் முஸ்தபாவின் ஓடி வந்து உதைக்கும் உதைக்காகவே எல்லோரும் அவனுக்குச் சண்டை போட்டார்கள். சுட்ட கோழியும் பழமும் தரையில் விழும். உயிர்க்கோடு சிவந்து நிற்கும் கூட்டாளிக்கு அதை விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்றாவது ஸ்டேஜில் கார் கிடைக்கும்போது கடையே ஆரவாரிக்கும். இந்த கேம் வீட்டில் விளையாடும் எந்த எந்திரத்துக்கும் முறையாக வந்ததே இல்லை. கடைக்கு வந்தால்தான் முஸ்தபா. அடிதடியில் பெரிய நுணுக்கம் கிடையாது, பாதிக்கு மேல் அதே ரவுடிகள்தான் வேறு சட்டையில் வருவார்கள். இவ்வளவு குறை இருந்தும், முன்பின் தெரியாத இருவரை அது போல வேகமாகக் கூட்டாளிகளாக்கிய இன்னொரு கேமை நான் பார்த்ததில்லை.

பச்சைத் திரைக்குப் பின்னால் 'டெக்கன் 3' ராஜ்ஜியம். பிளேஸ்டேஷன் சூடேறி டிஸ்க்கைப் படிக்க மறுக்கும்போது அண்ணன் அதைக் கவிழ்த்து வைத்து ஓட்டுவார். தோற்றவன் எழுந்திருக்க வேண்டும், ஜெயித்தவன் உட்காரலாம். இது அந்த அறையின் சட்டம். எட்டி கோர்டோ என்ற பிரேசில் வீரன் கபோய்ரா ஆடுவான். ஒன்றும் தெரியாதவன்கூடக் காலால் உதைக்கும் பொத்தான்களைக் கண்டபடி அழுத்தினால் எட்டி சுழன்று சுழன்று அடித்து ஜெயித்துவிடுவான். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு அது எரிச்சல். "எட்டிய எடுக்கக் கூடாது" என்று தடை போட்டவர்கள் உண்டு. நான் எட்டியின் பக்கம். புதிதாகப் படியேறி வந்த பையன், பழம் தின்று கொட்டை போட்டவனை ஒருமுறையாவது எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அந்த வழியை அடைக்காமல் வைத்திருந்தது டெக்கனின் பெருந்தன்மை. எட்டியை நிதானமாகத் தடுத்து நின்று அடிக்கக் கற்றவன் தானாக மேலே போனான். முதல் படியும் உண்டு, உச்சியும் உண்டு.

கம்ப்யூட்டர்கள் வந்தபின் கடையின் குணம் மாறியது. நார்வே நாட்டு இன்னர்லூப் ஸ்டுடியோஸ் உருவாக்கி 2000இல் வந்த 'ஐ.ஜி.ஐ.' தமிழ்நாட்டுப் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையையே வளர்த்தது. விமானம் ஓட்டும் கேமுக்காக அவர்கள் எழுதிய என்ஜின் மேல் அதைக் கட்டியதால், தூரம் என்றால் அதில் நிஜமான தூரம். பனி மலையில் படுத்து, பைனாகுலரில் காவல் கோபுரத்தை அளந்து, கேமரா இருக்கும் திசையைக் குறித்துக்கொண்டு இறங்க வேண்டும். அந்த அமைதியை வேறு எந்தத் துப்பாக்கி கேமும் எனக்குத் தரவில்லை. ஆனால் நடுவில் சேவ் செய்ய வழியே வைக்காதது பெரிய அநியாயம். 14 மிஷனில் எதிலும் கடைசி நிமிஷத்தில் செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அலாரம் அடித்தால், கொன்று தீர்த்த பாசறையிலிருந்தே மறுபடி வீரர்கள் வருவார்கள். ஆட்டக்காரனின் நேரத்தை மதிக்காத வடிவமைப்பு அது. எவ்வளவு பிடித்திருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

'ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி'யைப் பற்றி என் வயதுக்காரர்களோடு எனக்கு இன்றும் வாக்குவாதம் உண்டு. 2002இல் வந்தது, 1986ஆம் வருடத்து மியாமியை மாதிரியாகக் கொண்ட நகரம். ரேடியோவும், மழையும், மாலை வெளிச்சமும், எந்தச் சந்தில் திரும்பினால் எங்கே வரும் என்று பழகிப்போகும் அளவான தெருக்களும் அற்புதம். பெரிய நகரம் கட்டுவது முக்கியமில்லை, மனதில் நிற்கும் நகரம் கட்ட வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் மிஷன்களில் பாதி, துரத்து, சுடு, திரும்பி வா என்ற ஒரே கதை. பெண்களைக் காட்டிய விதம் இழிவானது. ஹைட்டி நாட்டவரைக் கொல்லச் சொல்லும் வசனத்தை எதிர்த்து நியூயார்க்கில் அந்த மக்கள் போராடினார்கள், பிறகு அது நீக்கப்பட்டது. போராடியவர்கள் பக்கம்தான் நியாயம். அந்தக் கடையில் நாங்கள் அதை நேசித்ததற்குக் காரணம் கதை கிடையாது. 'பேன்சர்' என்று தட்டினால் வானத்திலிருந்து விழும் டேங்க்கை எங்கே ஓட்டிப் போவது என்று பின்னால் நின்ற ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்ல முடிந்தது. அதற்காகத்தான் நேசித்தோம்.

ஈ.ஏ. ஸ்போர்ட்ஸின் 'கிரிக்கெட் 07' விளையாட்டாக மிகச் சாதாரணம். பந்து வீச்சில் ஆழமில்லை. இறங்கி வந்து ஒரே திசையில் தூக்கி அடிக்கும் வித்தை பிடிபட்டால் ஓவருக்கு ஆறு சிக்ஸர். ஆஸ்திரேலியா, இங்கிலாந்துக்கு மட்டும் உரிமை வாங்கியதால் நம் வீரர்களின் பெயர்கள் சிதைந்து கிடந்தன. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் கம்ப்யூட்டருக்குக் கிரிக்கெட் கேம் செய்யவே இல்லை. கைவிடப்பட்ட அந்த கேமைக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். சட்டை, மைதானம், புதிய அணி, சரியான பெயர்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்து வருடக்கணக்கில் பகிர்ந்தார்கள். ஒரு கேமின் மேல் வைக்கும் அன்பு எந்த உயரத்துக்குப் போகும் என்பதை அவர்களிடம்தான் பார்த்தேன்.

கடையின் கடைசிக் காலத்தை ஆண்டது 'கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6'. 'ஹாஃப் லைஃப்' கேமை மாற்றி மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் 1999இல் செய்யத் தொடங்கியது அது. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று வயரில் இணைத்து இரண்டு அணியாக உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. டேவ் ஜான்ஸ்டன் வரைந்த 'டஸ்ட் 2' வரைபடம் எங்களுக்கு சின்னக்கடை வீதி மாதிரி பழக்கம். எந்தக் கதவிடுக்கில் யார் நிற்பான், எந்தப் பெட்டி மேல் ஏறினால் எது தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 800 டாலரில் தொடங்கி, இந்த ரவுண்டில் மிச்சம் பிடித்தால்தான் அடுத்த ரவுண்டில் நல்ல துப்பாக்கி வாங்க முடியும் என்ற கணக்கும் அபாரம். செத்தவன் உடனே திரும்பி வர முடியாது என்ற விதி எல்லாவற்றையும்விட மேல். ரவுண்டு முடியும் வரை அவன் உயிரோடு இருப்பவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசி ஒருவன் மூன்று பேரை எதிர்த்து நிற்கும்போது எட்டு கம்ப்யூட்டரிலும் மூச்சு நின்றுவிடும். விளையாடுபவனையே பின்னால் நிற்பவனாக மாற்றிய கேம் அது. அதற்கு நிகராக ஒரு விதியை எந்த வடிவமைப்பாளரும் எழுதவில்லை என்பது என் திடமான கருத்து.

2008க்குப் பிறகு தமிழ்நாட்டு மின்வெட்டு அந்தக் கடையைச் சாய்த்தது. யூ.பி.எஸ். கூவத் தொடங்கினால் பாதி ஆட்டத்தில் காசைத் திருப்பித் தர வேண்டும். அண்ணன் முகம் சுளிக்காமல் தருவார். எத்தனை நாளைக்கு முடியும்? வீடுகளுக்குக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. கடையை மூடினார்.

அதன்பின் வந்தவற்றையும் அதே அளவுகோலால்தான் அளக்கிறேன். செல்போன் கேம்களில் பெரும்பாலானவை எனக்கு ஒட்டவில்லை. உயிர் தீர்ந்தால் அரை மணி காத்திரு, அல்லது பணம் கட்டு என்று சொல்லும் ஆட்டம், காசில்லாதவனை நிற்கவும் விடாமல் விரட்டும் கடை. பப்ஜியை அந்தக் கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். நூறு பேரில் நாலு பேர் காதில் பேசிக்கொண்டு ஒருவரை ஒருவர் தூக்கிவிடுவதில் பழைய முஸ்தபாவின் குணம் இருந்தது. 2020 செப்டம்பரில் இந்தியா அதைத் தடை செய்தபோது வெளியூரில் சிதறியிருந்த என் பழைய கூட்டாளிகள் வருந்தியது துப்பாக்கிக்காக இல்லை, ராத்திரிப் பேச்சுக்காக.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கேமை மாடிக்கடையில் யாரும் பொறுமையாக ஆடியதில்லை. கிராமத்தைக் கட்டி முடிப்பதற்குள் கட்டிய நேரம் தீர்ந்துவிடும். 1999இல் வந்த அந்த கேமுக்கு 2022இல் ஒரு சேர்க்கை வந்தது. அதில் திராவிடர் என்ற நாகரிகமும், ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் உண்டு. குதிரைப் படை பலவீனம், கடல் பலம். மீனவர்கள் கூடுதலாகச் சுமப்பார்கள், உருமி வீசும் வீரர்கள் இருப்பார்கள், திரிசடை என்ற பெரிய கப்பல் வரும். படைவீரன் தமிழில் பதில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. சரித்திரத்தைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் நம்மை ஒரு நாகரிகமாக எடுத்துக்கொண்டு, பலம் பலவீனத்தோடு வடிவமைத்தார்கள் என்பதே பெரிய மரியாதை.

மாடிக்கடையின் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தப் படியில் ஒரு பெண்பிள்ளை ஏறி நான் பார்த்ததில்லை. தெருவில் நின்று சத்தத்தைக் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள், ஏறி வரும் தைரியத்தை நாங்கள் யாரும் அவர்களுக்குத் தரவில்லை. 2023இல் 'வெண்பா' வந்தபோது இதை நினைத்தேன். டொரோண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன தமிழ்த் தாய் ஒருத்தி, கிழிந்து அழிந்த சமையல் குறிப்பேட்டிலிருந்து இட்லியும் பிரியாணியும் புட்டும் மீட்டெடுக்கிறாள். மகனுக்கும் அவளுக்கும் நடுவே விழும் தூரம்தான் கதை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சமையல் புதிர்கள் இன்னும் கொஞ்சம் கடினமாக இருந்திருக்கலாம். ஆனாலும் அதை நான் விளையாடியபோது அம்மா எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கேம் விளையாடினாலே திட்டும் அம்மா, "தக்காளிய எப்ப போடச் சொல்லுது? அதுக்கு முன்னாடி வெங்காயம் நல்லா வதங்கணும்டா" என்றார். முடியும்வரை நகரவில்லை. கையைத் தட்டாமல் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

என்னிடம் வரிசை கேட்டால் தயங்காமல் சொல்வேன். முதலிடம் 'பேட்டில் சிட்டி'க்கு. இரண்டாவது 'கவுன்டர் ஸ்ட்ரைக்'. மூன்றாவது 'முஸ்தபா'. அடுத்து 'வெண்பா'. மரியோ எல்லோரையும்விடத் திறமைசாலி, அதற்கும் இந்த நாலுக்குப் பிறகுதான் இடம். இந்த வரிசை உலக வரிசையோடு ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் வேண்டாம். இன்று திருச்சியிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் கேம் செய்யக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். படம் பிரமாதமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. விளையாடுபவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள்.